மேலவாசலில் கிளம்பிய வண்டியும் பால்வாடிப் பிள்ளைகளும்

மன்னார்குடி மதிலழகு என்பது பழமொழி. ராஜகோபாலசாமி கோயில், கடல்போல் விரிந்த ஹரித்ரா நதித் தெப்பக்குளம், பங்குனித் திருவிழா என்று ஊர்ப் பெருமை பேச உட்கார்ந்தால் வரிசையாக வந்துவிடும். அந்த வரிசையில் ஊர்க்காரர்களே விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அது ஒரு மாட்டுவண்டி.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் அந்த வண்டி கிளம்பியது. ஏற்றியிருந்தது நெல்லோ வைக்கோலோ இல்லை, புத்தகம். பொறியாளர் எஸ்.வி. கனகசபை பிள்ளை முன்னின்று செய்த ஏற்பாடு அது. தொடங்கிவைக்க வந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். நாட்டில் சக்கரம் கட்டி ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகங்களில் இதுதான் முதலாவது என்று நூலகத் துறையில் சொல்வார்கள்.

ரங்கநாதன் இந்தப் பகுதிக்கு அந்நியர் இல்லை. 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் நூலகராகப் போனவர். நூலக அறிவியலில் உலகமெங்கும் பாடமாக வைக்கப்படும் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் இதே 1931-ல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை அந்த ஐந்தில் இரண்டு. சென்னையில் அச்சேறிய விதிக்கு மேலவாசலில் செயல்முறை விளக்கம் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் இதன் துணிச்சல் புரியும். அப்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எழுத்தே தெரியாத ஊர்களுக்குள் புத்தக வண்டி எதற்கு என்று எவரும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் வண்டி நிற்கவில்லை.

சரி, மாட்டுவண்டிக்கும் மழலைக் கல்விக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை தானாக நூலகத்துக்குப் போகாது. உறுப்பினர் அட்டை கேட்காது. புத்தகம்தான் அதைத் தேடிப் போகவேண்டும். போன இடத்தில் பிரித்துக் காட்டி வாசிக்க ஓர் ஆளும் வேண்டும். வண்டி, ஆள், இன்ன நாளில் வருவார்கள் என்ற உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 1931-ல் மேலவாசல்காரர்கள் பெரியவர்களுக்காகக் கண்டுபிடித்த இந்தச் சூத்திரம், இன்று பால்வாடிப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

குதிரை, கழுதை, ஒட்டகம்

மேலவாசல் தனியாக இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்காம் என்ற நூலகர் 1905-ல் குதிரை வண்டியில் புத்தகம் அனுப்பினார். ஓட்டியவர் அதே நூலகத்தின் பராமரிப்பு ஊழியர். பண்ணை வீடுகளின் வாசல் வரைக்கும் போன அந்த வண்டி 1910-ல் ரயிலில் அடிபட்டுச் சிதறியது. அப்புறம் மோட்டார் வண்டி வந்தது.

இங்கே பரோடா சமஸ்தானத்தில் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் 1910-ல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்தார். அவர் காலத்தில் மரப்பெட்டிகளில் புத்தகம் அடுக்கி ஊர் ஊராக அனுப்பும் ஏற்பாடு வந்தது. பரோடா மத்திய நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் திறந்தார்கள். கென்டக்கி மலைக்காட்டில் 1935 முதல் பெண்கள் குதிரை மேல் ஏறிப் புத்தகம் கொண்டுபோனார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அரசு கொடுத்த வேலை அது. கென்யாவின் கரிசாவில் 1996-ல் ஒட்டகத்தின் முதுகில் பெட்டி கட்டினார்கள். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் தன் இரண்டு கழுதைகளில் புத்தகம் ஏற்றி வார இறுதிகளில் கிராமம் கிராமமாகப் போனார். அவருக்காகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

விலங்கு மாறுகிறது, நாடு மாறுகிறது, ஏற்பாடு ஒன்றேதான். ஒவ்வொன்றிலும் புத்தகத்தோடு ஓர் ஆள் போயிருக்கிறார். மரப்பெட்டியை மட்டும் அனுப்பிய இடங்களில்கூட, அங்கே அதைத் திறந்துவைக்க ஒருவர் இருந்தாக வேண்டும்.

பால்வாடிக்குள் என்ன நடக்கிறது

அரசுக் காகிதத்தில் குழந்தைகள் மையம், ஊர்ப் பேச்சில் பால்வாடி. இவற்றை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1945-ல், மகாராஷ்டிரத்தின் போர்டியில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், பள்ளிக்கு வராத பிள்ளைகளிடம் பள்ளியே போகவேண்டும் என்று குடியிருப்புகளின் முற்றத்தில் பாடம் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தபோது, பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கும் தட்டு வைத்தார். இன்று மாநிலத்தில் 54,439 மையங்கள். இந்த எண்ணிக்கையைத் தமிழ்நாட்டின் நல்ல சாதனைகளில் தாராளமாகச் சேர்க்கலாம்.

காவிரி டெல்டாவில் பால்வாடியின் அருமை நடவுக் காலத்தில் தெரியும். சம்பா நடவென்றால் விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். பிள்ளை ஒன்று அப்பாயியிடம் இருக்கும், இல்லையென்றால் பால்வாடியில் இருக்கும். சோறு, முட்டை, தூக்கம் எல்லாம் அங்கேதான்.

பாடம்? அதற்கும் திட்டம் இருக்கிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஏட்டில் குறையொன்றும் இல்லை. நடத்துவதற்கு நேரம்தான் இல்லை.

ஒரு காலைப்பொழுதைப் பார்த்தால் போதும். டீச்சர் வந்ததும் வருகைப் பதிவு. அதைப் பதிவேட்டிலும் எழுதவேண்டும், 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றவேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரென்றால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரவேண்டும். அப்புறம் எடை போடுவது, உயரம் அளப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, வீடுகளுக்குப் போய்வருவது. ஆயா அடுப்படியில் இருப்பார். இதற்கு நடுவே பதினைந்து இருபது பிள்ளைகள். ஒன்று அழும், ஒன்று மூத்திரம் போய்விடும், ஒன்று கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குக் கிளம்பும். கதைப் புத்தகத்தை எடுக்கலாம் என்று நினைக்கும்போது பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். சோறு போடவேண்டும்.

இதை டீச்சரின் குறையாகச் சொல்வது அபத்தம். ஒரே ஆள் மேல் ஏற்றப்பட்ட சுமை இது.

கூடுதலாக ஓர் ஆள்

இந்தச் சுமையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் மாநில அரசோடு சேர்ந்து 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதி மையங்களில் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஊழியரைப் போட்டார்கள். அவருக்கு ஒரே வேலை: பிள்ளைகளோடு உட்கார்ந்து முன்பருவக் கல்வி நடத்துவது. பதிவேடு, சத்துமாவு, எடை, வீட்டுப் பார்வை எல்லாம் ஏற்கெனவே இருந்த டீச்சரின் பொறுப்பு.

பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் பாடம் நடந்த நேரம் இரட்டிப்பாகியிருந்தது. பிள்ளைகளின் கணக்குத் திறனும் மொழித் திறனும் தெளிவாக உயர்ந்திருந்தன. கணக்கைவிட மொழியில் முன்னேற்றம் அதிகம். ஆய்வாளர்களையே நிமிர்ந்து உட்காரவைத்திருக்கக்கூடிய முடிவு இன்னொன்று: அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பாடப் பொறுப்பு கை மாறியதும், பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது. ஆகும் செலவைவிட வரும் பலன் பல மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இந்தச் சோதனையில் கட்டடம் எதுவும் புதிதாகக் கட்டவில்லை. கணினி, திரை எதுவும் மாட்டவில்லை. அரைநாளுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த ஊரிலோ பக்கத்திலோ இருக்கும், படித்த இளம்பெண் ஒருவரே இந்த வேலைக்குப் போதும்.

ஒன்றாம் வகுப்பு என்ற வரப்பு

கொரோனா காலத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு வாசிப்புக்கென்று எடுத்த முயற்சிகள் கொஞ்சமில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துக்கு அருகே முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். மாலையில் ஐந்திலிருந்து ஏழு வரை, தெருவிலேயே, தெருவில் இருப்பவரே தன்னார்வலராகப் பாடம் நடத்தும் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண்ணிக்கை சுமார் 2 லட்சத்தை எட்டியது. கோயில் மண்டபத்திலும், மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்திலும், வீட்டுத் திண்ணையிலும் பாய் விரித்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் என்று தாத்தா காலத்தில் பேசியது, ஒரு தலைமுறை விட்டு மறுபடி தலைகாட்டியது.

பலன் இருந்ததா? அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கண்டது. தெருவில் பாய் விரித்த ஒரு திட்டத்துக்கு இது பெரிய சான்றிதழ்.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். 2023-ல் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள், அவற்றில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளைத் தெரிந்தவர்.

தேவை எவ்வளவு என்பதற்குப் பிரதம் அமைப்பின் அசர் கணக்கெடுப்பு ஒன்று போதும். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிப்பவர்கள் 2022-ல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 2024-ல் அது பத்தைத் தாண்டியது. ஏறியிருக்கிறது என்று மகிழலாம். இருக்கும் இடத்தைப் பார்த்தால் மகிழ்ச்சி நிற்காது.

ஆனால் மேலே சொன்ன திட்டங்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்பிலோ அதற்கு மேலோ தொடங்குகின்றன. ஒன்றாம் வகுப்பு பள்ளிக் கல்வித் துறை. அதற்குக் கீழே சமூக நலத் துறை. நடுவில் ஒரு வரப்பு. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அது நிற்கப் போகிறது என்ற செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தொடரும் என்று அரசு அறிவித்தது. இரண்டு துறைக்கு நடுவில் பிள்ளை எந்தப் பக்கம் என்ற இழுபறிக்கு அதுவே சாட்சி.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் மதகைத் திறந்தார்கள் என்று பேப்பரில் படம் வரும். முத்துப்பேட்டைப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று தனியாகக் கேட்கவேண்டும். புத்தகத்துக்கும் கடைமடை உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அப்படித்தான். மன்னார்குடிப் பக்கத்து வடுவூரிலோ உள்ளிக்கோட்டையிலோ இருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே வெகுதூரம்.

பட்டாவும் படியும்

தமிழில் எழுத்து 247 என்றதும் பெரியவர்களே பெருமூச்சு விடுவார்கள். அ, ஆ என்று தொடங்கி வரிசை மாறாமல் மனப்பாடம் செய்வது பழைய முறை. விஜயதசமியன்று தாம்பாளத்தில் நெல் பரப்பி, பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பது டெல்டா வீடுகளில் இன்றும் நடக்கிறது. அந்த ‘அ’ சுழியும் வளைவுமாக, சின்னக் கைக்குக் கொஞ்சம் கடினமான எழுத்து.

1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரக் கிளம்பிய அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் போனபோது, அதன் பாடம் வேறிடத்தில் தொடங்கியது. முதல் பாடத்தின் சொற்கள் பட்டா, படி. நிலமில்லாத கூலிப் பெண்ணுக்குப் பட்டா என்ற சொல்லின் கனம் உடனே புரியும். இன்னொரு வசதியும் உண்டு. ட, ப இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள். மண்வெட்டி பிடித்த கையாலும் எழுதலாம். பள்ளிகளில் பின்னால் வந்த செயல்வழிக் கற்றலும் இதே மாதிரி கோட்டு எழுத்துகளில் தொடங்கியது. படம், பட்டம், மரம் என்று இரண்டு மூன்று எழுத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும். வாசித்துவிட்டோம் என்ற குதூகலம் அதற்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும்.

அறிவொளி பெரியவர்களுக்கான இயக்கம். ஆனால் அதன் பலன் வீட்டுக்குள் நுழைந்தது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பால்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

மடியில் ஒரு புத்தகம்

மழலை வாசிப்பு என்றால் எழுத்துக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் நடக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளையை மடியில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பிரித்தால் அது முதலில் செய்வது தாளை முகர்ந்து பார்ப்பது, கடிப்பது, தலைகீழாகப் பிடிப்பது. கொஞ்ச நாளில் நேராகப் பிடிக்கும். பக்கத்தை இடமிருந்து வலமாகத் திருப்பும். படத்தில் விரல் வைத்து ‘இது என்னா?’ என்று கேட்கும். பிறகு படத்துக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்துத்தான் பெரியவர்கள் கதை சொல்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்பு நடந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் எழுத்து சொல்லிக்கொடுப்பது சுலபம். நடக்காத பிள்ளைக்கு ட, ப, ம வெறும் கோடுகள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் பாடம்தான். ஒரு வரியை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ‘அப்பிடியில்ல டீச்சர், காக்கா மொதல்ல மரத்துல உக்காரணும்’ என்று கண்டிப்பாகத் திருத்தும். வரிசை, காரணம், அடுத்து என்ன என்பதெல்லாம் அந்தத் திருத்தலுக்குள் இருக்கின்றன.

எழுத்துத் தெரியாத அப்பாயியால் இதைச் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். படம் மட்டும் உள்ள புத்தகமோ, பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகமோ கையில் இருந்தால், படத்தைப் பார்த்துக் கதை கட்டுவதில் அப்பாயியை யாரும் மிஞ்ச முடியாது. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகமும், 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸும் இந்த வயதுக்குத் தமிழில் படப் புத்தகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்துச் சுவரில் தொங்கவிடும் குட்டி நூலகத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் கண் உயரத்தில், அட்டைப்படம் முன்னால் தெரியும்படி புத்தகம் இருக்கும். முதுகு மட்டும் தெரியும்படி அலமாரியில் அடுக்கினால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எந்தப் புத்தகமும் ஒன்றுதான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தமிழில் இப்போது நல்ல காலம். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2023-ல் உதயசங்கருக்கும், 2024-ல் யூமா வாசுகிக்கும், 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனுக்கும் கிடைத்தது. துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் 1987-லிருந்து வருகிறது. ஆறு வயதுக்குக் கீழே வந்தால்தான் தட்டு மெலிந்துவிடுகிறது.

வந்த புத்தகமும் பிள்ளை கைக்குப் போவதற்குள் ஒரு தடை. பெயர் இருப்புப் பதிவேடு. கிழிந்தால், தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்ற பயத்தில், பல இடங்களில் புத்தகம் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. டெல்டாவில் ஐப்பசி அடைமழை வேறு. பூஞ்சை பிடிக்கும் என்று ட்ரங்குப் பெட்டிக்குள் போகும். மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்த புத்தகம் கிழியத்தான் செய்யும். வருடத்துக்கு இத்தனை புத்தகம் கிழிவது கணக்கில் சேரும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் பாதிப் பீரோக்கள் திறந்துவிடும்.

புதன்கிழமை, நூலக வரி

மற்ற ஊர்க்காரர்கள் இந்த வயதுக்கு எப்படி வழி கண்டார்கள் என்று பார்த்தால், பலரும் புதிதாக எதையும் கட்டவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் ஏற்கெனவே போகிற இடத்தில் புத்தகத்தை வைத்தார்கள். பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-ல் தொடங்கிய ஏற்பாட்டில், குழந்தையைப் பரிசோதிக்கும் டாக்டரே ஒரு புத்தகத்தையும் கொடுத்து எப்படி வாசித்துக் காட்டுவது என்று இரண்டு நிமிடம் சொல்லித் தருகிறார். அது அமெரிக்கா முழுவதும் பரவியது. பிரிட்டனில் 1992-ல் பர்மிங்காமில் தொடங்கிய புக்ஸ்டார்ட், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் புத்தகப் பை கொடுக்கிறது. பாடகி டாலி பார்ட்டன் 1995-ல் தன் சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945-ல் கட்டியெழுப்பத் தொடங்கிய நூலக இயக்கத்தில், ஊர் நூலகத்தோடு குழந்தைகளுக்கான பாலவேதியும் சேர்ந்தே நடக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த இடம் எது? புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி நாள். ஊசி போட்டு அழுகிற பிள்ளையின் கையில் ஒரு படப் புத்தகம் கொடுக்கக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தாயிடம் ‘ராத்திரி தூங்கப் போகும்போது இதைக் காட்டிக் கதை சொல்லுங்கம்மா’ என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும். தடுப்பூசிக்கு வராத பிள்ளை தமிழ்நாட்டில் அபூர்வம் என்பதால், இந்தப் பாதை கடைசி வீடு வரைக்கும் போகிறது.

பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. நூலகத்துக்கென்று சட்டம் போட்ட முதல் மாகாணம் சென்னை. அந்த 1948-ஆம் வருடச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவரும் ரங்கநாதன்தான். வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். ரசீதைப் பார்த்தால் தெரியும். மாநிலத்தில் பொது நூலகங்கள் 4,600-க்கும் மேல். இது போக, 2006-லிருந்து ஐந்தாண்டுகளில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். நன்றாக நடந்தவை உண்டு. பூட்டிக் கிடந்தவையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் தென்னையோடு சேர்த்து ஓட்டையும் கூரையையும் வாரிக்கொண்டு போனது. பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குள் மழை இறங்கினால் கேட்க ஆள் ஏது?

பல ஊர்களில் பால்வாடி, ஊராட்சி நூலகம், தொடக்கப் பள்ளி மூன்றும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகிய பெண்கள் அதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அரைநாள் வேலைக்குப் போட்டு, நூலகத்திலிருந்து வாரம் இருபது புத்தகம் பால்வாடிக்கு எடுத்து வந்து, அடுத்த வாரம் மாற்றச் சொன்னால் மேலவாசல் சூத்திரத்தின் மூன்று பாகமும் சேர்ந்துவிடுகின்றன.

இதைக் கேட்கச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. கிராம சபை கூடும் நாட்கள் ஊருக்குத் தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1. தீர்மானத்தில் மூன்று வரி இருந்தால் போதும்: ஊராட்சி நூலகத்தை வாரம் இரண்டு நாள் காலையில் பால்வாடிப் பிள்ளைகளுக்குத் திறக்கவேண்டும். வாசித்துக் காட்ட ஊரிலிருந்தே ஒருவரை அமர்த்த ஊராட்சி நிதியில் வழி செய்யவேண்டும். கிழிந்த புத்தகத்தைக் கழிவில் எழுத அனுமதி வேண்டும். தீர்மானம் நிறைவேறிய மறுநாள் செய்யவேண்டிய முதல் வேலை, நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது.